மேகம் சுமக்கும் வணிகம்

நுழையும்முன்

வணிகம் என்றதும் கடையும் கிடங்கும் கணக்கேடும் நம் நினைவுக்கு வரும். கணக்கேட்டின் இடத்தைக் கணினி எடுத்துக்கொண்டு பல ஆண்டுகள் ஆகிவிட்டன. இன்று அக்கணினியும் கடையை விட்டு வெளியேறி, உரிமையாளர் நேரில் கண்டிராத ஒரு கட்டடத்தில் குடியேறியிருக்கிறது. இம்மாற்றத்தையே மேகக் கணிமை என்கிறோம். இது வணிகருக்குத் தரும் வலிமை யாது? அவ்வலிமைக்கு ஈடாக அவர் பிறர் கையில் ஒப்படைப்பது யாது? இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடுவோம்.

பைக்காராவும் பஞ்சாலைகளும்

கோயம்புத்தூரின் தொடக்ககாலப் பஞ்சாலைகள் நீராவியின் வலிமையால் இயங்கின. ஆலை தொடங்க விரும்பியவர் நூற்புப் பொறிகளோடு கொதிகலனையும் வாங்க வேண்டியிருந்தது. அதற்கு எரிபொருள் சேர்க்க வேண்டியிருந்தது. அதனைப் பேணத் தேர்ந்த ஆள்களை அமர்த்த வேண்டியிருந்தது. நூல் நூற்பதே அவர்தம் தொழில். ஆயினும், ஆற்றலை ஆக்கும் சுமையும் அவர் தோளில்தான் இருந்தது.

1932ஆம் ஆண்டு நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. மலையில் பிறந்த மின்னாற்றல் கம்பி வழியே சமவெளிக்கு இறங்கியது. அதன்பின் ஆலைக்குக் கொதிகலன் தேவைப்படவில்லை. மின் இணைப்பே போதுமானதாயிற்று. பயன்படுத்திய அளவிற்குப் பணம் செலுத்தினால் போதும் என்ற நிலை வந்ததும் கோவை வட்டாரத்தில் ஆலைகள் பெருகின. ஆற்றலை ஆக்குவதும் ஆற்றலைப் பயன்படுத்துவதும் வெவ்வேறு தொழில்களாகப் பிரிந்தமை அவ்வளர்ச்சிக்குத் துணைசெய்தது.

கணிமைத் துறையிலும் இத்தகைய பிரிவு நிகழும் என்று முன்கூட்டியே உரைத்தவர் அமெரிக்கக் கணினி அறிஞர் ஜான் மெக்கார்த்தி. 1961இல் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் நூற்றாண்டு விழாவில் உரையாற்றிய அவர், தொலைபேசியைப் போலக் கணிமையும் ஒருநாள் பொதுப் பயன்பாட்டுச் சேவையாக அமையக்கூடும் என்றார். ஓர் அறையையே நிறைக்கும் கணினிகள் இயங்கிய காலம் அது. அவர் கூறியது வணிக அளவில் நடைமுறைக்கு வர ஏறத்தாழ நாற்பத்தைந்து ஆண்டுகள் ஆயின.

மேகம் என்பது எது?

வலையமைப்பு வரைபடங்களில், நம் கட்டுப்பாட்டிற்கு அப்பாற்பட்ட பகுதியைப் பொறியாளர்கள் ஒரு மேக வடிவமாக வரைவது வழக்கம். உள்ளே என்ன நிகழ்கிறது என்பதைப் பயனர் அறியத் தேவையில்லை என்பதே அக்குறியீட்டின் பொருள். மேகக் கணிமை என்னும் பெயர் அவ்வழக்கத்தோடு தொடர்புடையது.

பெயர்தான் மேகமே தவிர, அதன் கால்கள் மண்ணில் ஊன்றி நிற்கின்றன. தரவு மையங்கள் எனப்படும் பெருங்கட்டடங்களில் ஆயிரக்கணக்கான சேவையகங்கள் அடுக்கடுக்காக வைக்கப்பட்டுள்ளன. அவை வெளியிடும் வெப்பத்தைத் தணிக்கக் குளிரூட்டிகள் இடைவிடாது இயங்குகின்றன. மின்சாரம் தடைப்பட்டால் உடனே கைகொடுக்க மின்கல அடுக்குகளும் மின்னாக்கிகளும் உள்ளன. அம்மையங்களை நகரங்களோடு நிலத்தடி ஒளியிழைகளும், கண்டங்களோடு கடலடி வடங்களும் இணைக்கின்றன. இந்தியாவை உலகோடு இணைக்கும் கடல்வடங்கள் கரையேறும் முதன்மையான நகரங்களுள் மும்பையும் சென்னையும் அடங்கும்.

ஒரு நிறுவனம் தனக்குத் தேவையான கணிப்பாற்றலையும் சேமிப்பிடத்தையும் மென்பொருளையும் சொந்தமாக வாங்காமல், இணையம் வழியே தேவையான பொழுது தேவையான அளவு பெற்று, பயன்படுத்தியதற்கு மட்டும் கட்டணம் செலுத்தும் முறையே மேகக் கணிமை ஆகும்.

தெரியுமா?

மழையைச் சுமந்து வரும் மேகத்தைத் தமிழ் பல பெயர்களால் அழைக்கிறது. முகில், கொண்டல், எழிலி, மஞ்சு, கார் முதலியன அவற்றுட் சில. இந்திய அரசு, அரசுத் துறைகளின் பயன்பாட்டிற்கென உருவாக்கிய மேகக் கணிமைத் திட்டத்திற்கு ‘மேகராஜ்’ என்று பெயரிட்டுள்ளது. அதன்கீழ்த் தேசிய மேகம் 2014இல் தொடங்கி வைக்கப்பட்டது. மாணவர்கள் தம் மதிப்பெண் சான்றிதழ்களைப் பெறப் பயன்படுத்தும் டிஜிலாக்கர், 2015இல் தொடங்கப்பட்ட மேகவழிச் சேவையே ஆகும்.

ஒரு பொறிக்குள் பல கணினிகள்

மேகக் கணிமைக்கு அடிப்படையாக விளங்கும் நுட்பம் மெய்நிகராக்கம் ஆகும். ஒரு பெரிய நிலத்தை வரப்பிட்டுப் பல வயல்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒவ்வோர் உழவர் தனித்தனியே பயிரிடுவது போன்றது இது. ஒரே சேவையகத்தின் செயலியையும் நினைவகத்தையும் மென்பொருளின் துணையால் பகுத்து, பல தனிக்கணினிகள் போல இயங்கச் செய்யலாம். இவ்வாறு தோன்றும் மெய்நிகர் கணினிகள் ஒன்றன் உள்ளடக்கத்தை மற்றொன்று காண இயலாது. ஒரு வயலில் பாய்ச்சிய நீர் அடுத்த வயலுக்குக் கசியாதபடி வரப்பு காப்பதுபோல, இப்பகுப்பு மென்பொருள் எல்லையைக் காக்கிறது.

இந்நுட்பம் புதியதன்று. 1960களிலேயே ஐபிஎம் நிறுவன ஆய்வாளர்கள் தம் பெருங்கணினிகளில் இதனைச் செயற்படுத்தினர். 1998இல் தொடங்கப்பட்ட விஎம்வேர் நிறுவனம் இதனைச் சாதாரணக் கணினிகளுக்குக் கொண்டுவந்தது. விரைவான இணைய இணைப்பும் பரவியபின் மேகக் கணிமைக்கு வழி திறந்தது. 2006ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அமேசான் தன் சேமிப்புச் சேவையையும், ஆகஸ்டு மாதத்தில் வாடகைக் கணினிச் சேவையையும் அறிமுகப்படுத்தியது. கூகுள் 2008இலும், மைக்ரோசாப்ட் 2010இலும் தத்தம் மேகச் சேவைகளுடன் களத்தில் இறங்கின. 2015இல் மைக்ரோசாப்ட் இந்தியாவில் அமைத்த தரவு மையப் பகுதிகளுள் சென்னையும் ஒன்று. அடுத்த ஆண்டு அமேசானும், அதற்கடுத்த ஆண்டு கூகுளும் மும்பையில் தம் மையங்களைத் திறந்தன.

ஐந்து இயல்புகள்

இணையத்தில் இயங்கும் எல்லாவற்றையும் மேகக் கணிமை என்று கூறிவிட முடியாது. அமெரிக்காவின் தேசியத் தரநிலைகள் மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் 2011இல் வெளியிட்ட வரையறை, அதற்குரிய ஐந்து இயல்புகளைச் சுட்டுகிறது.

முதலாவது, வேண்டியபோது தாமே பெறுதல். பயனர் எவரிடமும் விண்ணப்பித்துக் காத்திருக்காமல், திரையில் தெரிவு செய்த சில நிமிடங்களில் கணினியைப் பெறலாம். இரண்டாவது, எங்கிருந்தும் அணுகுதல். மேசைக்கணினி, மடிக்கணினி, கைப்பேசி என எக்கருவியிலிருந்தும் பணியைத் தொடரலாம். மூன்றாவது, வளங்களைப் பொதுவில் வைத்துப் பகிர்தல். நான்காவது, விரைந்து விரிதலும் சுருங்குதலும். ஐந்தாவது, அளந்து கட்டணம் பெறுதல். மின்கட்டண அட்டையில் அலகுகள் பதிவாவதுபோல, எத்தனை மணி நேரம் கணினி இயங்கியது, எவ்வளவு தரவு சேமிக்கப்பட்டது என்பன கணக்கிடப்படும்.

மூவகைச் சேவை

திருமண விருந்தை எண்ணிப் பார்ப்போம். மண்டபத்தின் சமையற்கூடத்தை மட்டும் வாடகைக்கு எடுத்து, பாத்திரம், பொருள், சமையற்காரர் அனைத்தையும் நாமே ஏற்பாடு செய்யலாம். அடுப்பும் பாத்திரமும் உதவியாளரும் ஆயத்தமாக இருக்க, நம் சமையற்காரரை மட்டும் அழைத்துச் சென்று சமைக்கச் செய்யலாம். அன்றி, இலைக்கு இவ்வளவு எனப் பேசி முடித்து, பந்தியில் அமரும் பணியை மட்டும் மேற்கொள்ளலாம். மேகச் சேவைகளும் இவ்வாறே மூவகைப்படும்.

முதல்வகை, உட்கட்டமைப்புச் சேவை. வெறுங்கணினியும் சேமிப்பிடமும் வலையமைப்பும் வாடகைக்குக் கிடைக்கும். இயங்குதளம் முதல் செயலி வரை அனைத்தையும் வாடிக்கையாளரே அமைத்துப் பேண வேண்டும். இரண்டாம் வகை, தளச் சேவை. மென்பொருளை உருவாக்கி இயக்குவதற்கான சூழல் ஆயத்தமாக இருக்கும். நிரலாளர் தம் நிரலை மட்டும் எழுதி ஏற்றினால் போதும். மூன்றாம் வகை, மென்பொருள் சேவை. கணக்கு, சம்பளப் பட்டியல், வாடிக்கையாளர் பதிவு ஆகியவற்றிற்கான மென்பொருள் முழுமையாக வழங்கப்படும். மாதந்தோறும் ஆளுக்கு இவ்வளவு எனக் கட்டணம் செலுத்திப் பயன்படுத்தலாம்.

சிறுவணிகர் பெரும்பாலும் நாடுவது மூன்றாம் வகையே. 1999இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட சேல்ஸ்ஃபோர்ஸ் நிறுவனம் இவ்வகையில் முன்னோடியாகும். தமிழ்நாட்டிலிருந்து உலகெங்கும் இத்தகைய மென்பொருள்களை வழங்கும் ஜோஹோ நிறுவனம், 1996இல் வேறு பெயரில் தொடங்கப்பட்டு 2009இல் இப்பெயரைப் பெற்றது. சென்னையில் மட்டுமன்றித் தென்காசியை அடுத்த மத்தளம்பாறையிலும் அதன் பணியாளர்கள் மென்பொருள் உருவாக்கத்தில் ஈடுபட்டுள்ளனர். ஒரு தொழில் பெருநகரத்தில்தான் நடைபெற வேண்டும் என்ற கட்டாயத்தை மேகக் கணிமை தளர்த்தியுள்ளமைக்கு இது சான்றாகும்.

நால்வகை அமைப்பு

யார் பயன்படுத்துகின்றனர் என்பதை அடிப்படையாகக் கொண்டு மேகங்களை நான்காகப் பகுப்பர். எவரும் கட்டணம் செலுத்திப் பயன்படுத்தக்கூடியது பொது மேகம். ஒரே நிறுவனத்தின் பயன்பாட்டிற்கென அமைவது தனியார் மேகம். ஒத்த தேவையுடைய பல நிறுவனங்கள் கூடிப் பயன்படுத்துவது சமுதாய மேகம். இவற்றுள் இரண்டோ அதற்கு மேலோ இணைந்து இயங்குவது கலப்பு மேகம். எடுத்துக்காட்டாக, ஒரு மருத்துவமனை நோயாளிகளின் குறிப்புகளைத் தனியார் மேகத்திலும், முன்பதிவுக்கான இணையப் பக்கத்தைப் பொது மேகத்திலும் வைத்துக்கொண்டால், அது கலப்பு மேகமாகும்.

வாடகையா, உடைமையா?

வாடகை இலாபமா, சொந்தமாக வாங்குவது இலாபமா என்பது வணிகர் கேட்கும் முதல் வினா. ஒரு கணக்கின் வழியே இதனைத் தெளிவுபடுத்தலாம்.

இணையம் வழியே துணி விற்கும் ஒரு கடைக்கு ஆண்டின் 48 வாரங்களில் 2 சேவையகங்கள் போதும் என்றும், தீபாவளியை ஒட்டிய 4 வாரங்களில் மட்டும் 20 சேவையகங்கள் தேவை என்றும் கொள்வோம். சொந்தமாக வாங்குவதாயின், உச்சத் தேவையை எண்ணி 20 சேவையகங்களை வாங்க வேண்டும். அவை 52 வாரங்களும் கடையில் இருக்கும். ஒரு சேவையகத்தை ஒரு வாரம் வைத்திருப்பதை ஓர் அலகு எனக் கொண்டால், ஆண்டிற்கு 1040 அலகுகளுக்கான செலவு ஆகும். வாடகைக்கு எடுத்தால், 48 வாரங்களுக்கு 96 அலகுகளும் 4 வாரங்களுக்கு 80 அலகுகளுமாக 176 அலகுகளே தேவைப்படும். ஆகவே, ஓர் அலகிற்கான வாடகை, சொந்தச் செலவைப்போல நான்கு மடங்காக இருப்பினும் மொத்தச் செலவு 704 பங்கைத் தாண்டாது. வாடகையே இலாபம்.

இனி, ஆண்டு முழுவதும் 20 சேவையகங்களும் ஓய்வின்றி இயங்க வேண்டிய ஒரு நிறுவனத்தை எண்ணுவோம். அதற்கும் 1040 அலகுகள் தேவை. ஓர் அலகின் வாடகை சொந்தச் செலவைப்போல இருமடங்கு எனின், அந்நிறுவனம் 2080 பங்கு செலவிட நேரும். இங்கு உடைமையே இலாபம்.

இக்கணக்கிலிருந்து ஓர் உண்மை புலனாகிறது. தேவை ஏறி இறங்குமாயின் வாடகை சிறந்தது. தேவை நிலையாகவும் மிகுதியாகவும் இருக்குமாயின் உடைமை சிறந்தது. கோப்புகளைச் சேமிக்கும் சேவையை வழங்கும் டிராப்பாக்ஸ் நிறுவனம் தொடக்கத்தில் அமேசானின் மேகத்தைப் பயன்படுத்தியது. பயனர் தொகை பெருகித் தேவை நிலைபெற்றபின், 2015, 2016ஆம் ஆண்டுகளில் பெரும்பாலான கோப்புகளைத் தன் சொந்தச் சேவையகங்களுக்கு மாற்றியது. அதனால் இரண்டே ஆண்டுகளில் ஏறத்தாழ 7.5 கோடி டாலர் செலவு குறைந்ததென அந்நிறுவனம் 2018இல் தன் பங்கு வெளியீட்டு ஆவணத்தில் தெரிவித்தது.

பணக்கணக்கிற்கு அப்பால் மற்றொன்றும் உண்டு. சேவையகம் வாங்குவது முதலீடு; வாடகை நடைமுறைச் செலவு. கையில் பெருந்தொகை இல்லாத இளைஞர் ஒருவர், மேகத்தின் துணையால் சிறுதொகையைக் கொண்டே தொழில் தொடங்கலாம். முயற்சி பலிக்காவிடின் சேவையை நிறுத்திவிடலாம். வாங்கிய பொறிகள் வீணாயின என்னும் கவலை இல்லை.

நெட்ஃபிளிக்ஸ் சென்ற வழி

2008ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அமெரிக்காவின் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் அஞ்சல் வழியே திரைப்பட வட்டுகளை அனுப்பி வந்தது. அதன் தரவுத்தளம் ஒருநாள் பழுதுற்றது. மூன்று நாள்கள் வாடிக்கையாளர்களுக்கு வட்டுகளை அனுப்ப இயலவில்லை. ஒரே இடத்தில் அனைத்தையும் வைத்திருப்பதன் இடரை அந்நிறுவனம் உணர்ந்து, மேகத்திற்கு மாற முடிவு செய்தது.

பழைய மென்பொருளைப் பெட்டியோடு தூக்கி மேகத்தில் வைப்பது எளிது. ஆனால், பழைய குறைகளும் உடன் வந்துவிடும். எனவே, நெட்ஃபிளிக்ஸ் தன் மென்பொருளை நூற்றுக்கணக்கான சிறு சேவைகளாகப் பிரித்து எழுதியது. ஒரு பகுதி பழுதுற்றாலும் ஏனையவை இயங்கும்படி அமைத்தது. 2016ஆம் ஆண்டு சனவரி மாதத்தில்தான் இப்பணி நிறைவுற்றது. ஏறத்தாழ ஏழாண்டுகள் நீடித்த இம்மாற்றம், மேகத்திற்குச் செல்வது ஒருநாள் வேலையன்று என்பதை உணர்த்துகிறது.

இதில் கருதத்தக்க செய்திகள் இன்னும் இரண்டு உள்ளன. நெட்ஃபிளிக்ஸ் வாடகைக்கு எடுத்தது அமேசானின் மேகத்தை. அதே அமேசான், திரைப்படங்களை வழங்கும் தொழிலில் நெட்ஃபிளிக்ஸின் போட்டியாளரும் ஆகும். இன்னொன்று, பார்வையாளரின் திரைக்குப் படக்காட்சியைக் கொண்டுசேர்க்கும் பணியை மட்டும் அந்நிறுவனம் வாடகைக்கு விடவில்லை. அதற்கெனத் தனக்குரிய வலையமைப்பை உருவாக்கி, இன்றும் தானே பேணி வருகிறது. எதனைப் பிறரிடம் விடலாம், எதனைத் தன் கையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்னும் தெளிவே இங்குப் பாடமாகும்.

மின்சாரமும் தரவும் ஒன்றா?

தொடக்கத்தில் மேகக் கணிமையை மின்சாரத்தோடு ஒப்பிட்டோம். அவ்வொப்புமை ஓரெல்லை வரையே பொருந்தும். மின்சாரம் நம்மிடம் வந்து வேலை செய்து தீர்ந்துவிடும். மின்வாரியத்திடம் நாம் எதனையும் விட்டுவைப்பதில்லை. மேகத்திலோ நம் உடைமை அங்கேயே தங்குகிறது. வாடிக்கையாளர் பெயர்கள், கொடுக்கல் வாங்கல், விலைப்பட்டியல், ஊழியர் சம்பளம் ஆகியன யாவும் பிறர் இல்லத்தில் வாழ்கின்றன. ஆகவே, அது மின் இணைப்பை விடவும், நகையை வைக்கும் வங்கிப் பெட்டகத்தையே பெரிதும் ஒத்தது.

பெட்டகம் வீட்டு அலமாரியை விடப் பாதுகாப்பானதே. 2015 டிசம்பரில் சென்னையைச் சூழ்ந்த வெள்ளம் எண்ணற்ற தரைத்தளக் கடைகளிலும் அலுவலகங்களிலும் புகுந்தது. மேசையடியில் வைத்த கணினி நனைந்தால், அதிலுள்ள கணக்கும் அதனோடு போய்விடும். தொலைவிலுள்ள தரவு மையத்தில் நகல் வைத்திருப்பவருக்கு அவ்விழப்பு நேராது. ஆயினும், தரவு மையங்களும் தீங்கிற்கு அப்பாற்பட்டவை அல்ல.

2021ஆம் ஆண்டு மார்ச்சு 10ஆம் நாள், பிரான்சு நாட்டின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் தீப்பற்றியது. ஐந்து தளங்கள் கொண்ட கட்டடம் ஒன்று முற்றிலும் எரிந்தது. வேறிடத்தில் காப்புநகல் வைத்திருந்தோர் மீண்டனர்; மற்றோர் தம் தரவை மீளாதவாறு இழந்தனர்.

2024ஆம் ஆண்டு மே மாதத்தில் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் என்னும் ஓய்வூதிய நிதியம் வேறுவகை இடரைச் சந்தித்தது. அதன் தனியார் மேகச் சந்தாவைக் கூகுள் நிறுவனத்தின் அமைப்புப் பிழையொன்று அழித்துவிட்டது. அந்நிதியம் தன் தரவை இரு வேறு இடங்களில் வைத்திருந்தது. எனினும், இரண்டும் ஒரே வழங்குநரிடம் இருந்தமையால் இரண்டும் ஒருங்கே அழிந்தன. ஆறு இலட்சத்திற்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் ஏறத்தாழ ஒரு வாரம் தம் கணக்கைக் காண இயலாது தவித்தனர். அந்நிதியம் மீளத் துணைசெய்தவற்றுள், மற்றொரு வழங்குநரிடம் அது தனியே வைத்திருந்த காப்புநகலும் ஒன்று.

மேகத்தைப் பயன்படுத்துவோரின் கவனக்குறைவும் தீங்கு விளைக்கும். 2019இல் அமெரிக்காவின் கேபிடல் ஒன் வங்கியின் தரவு திருடப்பட்டது. அமெரிக்காவிலும் கனடாவிலும் ஏறத்தாழ 10.6 கோடிப் பேரின் விவரங்கள் களவுபோயின. மேகத்தில் இருந்த ஒரு தடுப்பரணை வங்கி சரிவர அமைக்காததே காரணம். அடுத்த ஆண்டு அந்நாட்டு ஒழுங்குமுறை அமைப்பு 8 கோடி டாலர் தண்டத்தை அவ்வங்கிக்கே விதித்தது.

இதனையே ‘பகிர்ந்த பொறுப்பு’ என்பர். கட்டடம், மின்சாரம், சேவையகம் ஆகியவற்றின் காவல் வழங்குநருடையது. கடவுச்சொல், யார் எதனைக் காணலாம் என்னும் ஒப்புதல், தரவின் மறையாக்கம் ஆகியவற்றின் காவல் வாடிக்கையாளருடையது. பெட்டக அறையை வங்கி காக்கும்; திறவுகோலை நாமே காக்க வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

ஆண்டில் 99.9 விழுக்காடு நேரம் சேவை கிடைக்கும் என ஒரு வழங்குநர் உறுதியளித்தால், ஓராண்டில் ஏறத்தாழ 8 மணி 45 நிமிடம் சேவை தடைப்படக்கூடும் என்று பொருள். 99.99 விழுக்காடு எனின், அது ஏறத்தாழ 53 நிமிடமாகக் குறையும். உறுதி மீறப்பட்டால் வழங்குநர் பெரும்பாலும் கட்டணத்தில் ஒரு பகுதியையே கழித்துக் கொடுப்பர். வணிக இழப்பை ஈடுசெய்வதில்லை.

சட்டம் காட்டும் வழி

தரவு எந்நாட்டில் தங்குகிறதோ, அந்நாட்டின் சட்டம் அதனைத் தொடும். ஆதலால், தரவின் இருப்பிடம் குறித்து அரசுகள் விதிகள் வகுத்துள்ளன. இந்தியாவில் நிகழும் பணப்பரிமாற்றத் தரவுகள் இந்தியாவிலேயே சேமிக்கப்பட வேண்டும் என இந்திய ரிசர்வ் வங்கி 2018இல் ஆணையிட்டது.

2023ஆம் ஆண்டில் இந்திய நாடாளுமன்றம் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. ஒரு நிறுவனம் மக்களின் தரவைப் பெற்று, அதனைக் கையாளும் பணியைப் பிறரிடம் ஒப்படைத்தாலும், பொறுப்பு அந்நிறுவனத்துடையதே என்கிறது அச்சட்டம். போதிய பாதுகாப்பைச் செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க அதில் இடமுண்டு. வேலையை வாடகைக்கு விடலாம்; பொறுப்பை வாடகைக்கு விட முடியாது.

வழங்குநரை விட்டு விலகுவதும் எளிதன்று. ஒருவருடைய தளத்திற்கேற்ப எழுதிய மென்பொருள் மற்றொருவரின் தளத்தில் இயங்காமற் போகலாம். தரவை வெளியே எடுக்கவும் கட்டணம் கேட்கப்படலாம். ஐரோப்பிய ஒன்றியம் இதனைக் கருத்திற்கொண்டு, வாடிக்கையாளர் வழங்குநரை மாற்றிக்கொள்வதை எளிதாக்கும் விதிகளைத் தன் தரவுச் சட்டத்தில் சேர்த்துள்ளது. அச்சட்டம் 2025 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ளது.

மேகம் பருகும் ஆற்றல்

மேகக் கணிமையின் விலையை வணிகர் மட்டும் கொடுப்பதில்லை, புவியும் கொடுக்கிறது. 2024இல் உலகின் தரவு மையங்கள் ஏறத்தாழ 41,500 கோடி அலகு மின்சாரத்தைப் பயன்படுத்தியதாகப் பன்னாட்டு ஆற்றல் முகமை மதிப்பிட்டுள்ளது. உலகின் மொத்த மின் நுகர்வில் இது ஏறத்தாழ 1.5 விழுக்காடு. குளிரூட்ட நீரும் தேவைப்படுகிறது. பல கடைகளில் தனித்தனியே இயங்கி, பெரும்பொழுது வேலையின்றி இருக்கும் கணினிகளை விட, ஓரிடத்தில் கூட்டி முழுமையாகப் பயன்படுத்தும் கணினிகள் ஆற்றலைச் சிக்கனமாகச் செலவிடுகின்றன என்பது உண்மையே. அதே வேளையில், எளிதாகக் கிடைப்பதனால் பயன்பாடு பெருகுவதும் உண்மை. தேவையற்ற கோப்புகளை நீக்குவதும், பணி முடிந்ததும் கணினியை நிறுத்துவதும் கட்டணத்தையும் ஆற்றலையும் ஒருங்கே காக்கும் செயல்களாகும்.

வணிகர் கேட்க வேண்டிய வினாக்கள்

மேகத்தை நாடும் வணிகர், ஒப்பந்தத்தில் கையொப்பமிடும் முன் சில வினாக்களுக்கு எழுத்து வடிவில் விடை பெறுதல் நலம். என் தரவு எந்நாட்டில், எந்நகரில் தங்கும்? அதற்கு எத்தனை நகல்கள் உள்ளன? அவற்றுள் ஒன்றேனும் இவ்வழங்குநரின் கைக்கு அப்பால் உள்ளதா? சேவை தடைப்பட்டால் எவ்வளவு நேரத்தில் மீளும்? என் ஊழியர் பணியை விட்டு விலகும் நாளில் அவருடைய நுழைவுரிமையை நீக்குபவர் யார்? கட்டணம் ஓர் எல்லையைத் தாண்டினால் எனக்கு அறிவிப்பு வருமா? நான் விலக எண்ணினால், என் தரவைப் பிற மென்பொருள்களும் படிக்கத்தக்க வடிவில் திரும்பப் பெற முடியுமா? இணைய இணைப்பு அறுந்த நாளில் என் கடை பட்டியல் போட்டு விற்க வழி உண்டா?

இவற்றுள் ஒன்றுகூடக் கணினி அறிவியல் வினா அன்று. கிடங்கை வாடகைக்கு எடுக்கும்போதும், கூட்டாளியோடு ஒப்பந்தம் எழுதும்போதும் நம் வணிகர்கள் காலங்காலமாகக் கேட்டு வந்த வினாக்களே இவை. பொருள் எங்கே, காவல் யார், இழப்பு நேரின் பொறுப்பு யார், கணக்கு முடிந்தால் என் பங்கு என் கைக்கு வருமா என்பனவே அவற்றின் சாரம்.

பைக்காராவின் மின்சாரம் கொதிகலன் வாங்க இயலாதவரையும் ஆலை உரிமையாளர் ஆக்கியது. மேகக் கணிமையும் அவ்வாறே, சிற்றூரிலுள்ள சிறுதொழில் முனைவோரின் கையிலும் பெருநிறுவனங்கள் பயன்படுத்தும் கருவிகளைத் தருகிறது. அக்கருவியைப் பெறுவதற்குச் சில நிமிடங்கள் போதும். தம்மை நம்பிப் பெயரும் முகவரியும் கொடுத்த வாடிக்கையாளரின் தரவைக் காக்கவோ நாள்தோறும் விழிப்பு வேண்டும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரிலுள்ள கடை ஒன்றின் உரிமையாளரிடம் பேசி, அவர் தம் கணக்குகளை எங்கே, எவ்வாறு சேமிக்கிறார் என்பதை அறிந்து, ஒரு பக்க அளவில் எழுதுக.

2. ஒரு நிறுவனத்திற்கு ஆண்டில் 40 வாரங்கள் 5 சேவையகங்களும், 12 வாரங்கள் 10 சேவையகங்களும் தேவை. வாடகை சொந்தச் செலவைப்போல இருமடங்கு எனின், எது இலாபம் என்பதைக் கணக்கிட்டு வகுப்பறையில் விளக்குக.

3. ‘பொறுப்பை வாடகைக்கு விட முடியாது’ – இத்தொடர் குறித்து, பாடத்தில் இடம்பெற்ற நிகழ்வுகளைச் சான்றாகக் காட்டிக் கலந்துரையாடுக.